நாராயணப்பன் ஊட்டு டிஸ்க்கு

இல்லீங்கண்ணா, கீழ போட்ட டிஸ்க் இல்ல இது. தண்ணியும் படல. கைல புடிச்சுப் பாருங்க, நல்லா சுத்துது, கரகரன்னு சத்தம் ஒண்ணும் இல்ல. பிரச்சன அது இல்ல. இதும்மேல லினக்ஸ் ஏறிடுச்சு. ஆமாண்ணா, விண்டோஸ் இருந்த டிஸ்க்தான். யாரும் பக்கத்துல உக்காந்து ஏத்தல, அதுவா ஏறிக்கிச்சு. சிரிக்காதீங்கண்ணா, ரெண்டு நாளா ஊர் பூரா சிரிக்குது, நீங்களுமா.

எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாவணும். இதுல முன்னாடி இருந்த பழசெல்லாம் உங்க கடைல திரும்பி எடுக்க வருமா, வராதா. வரும்னா எவ்ளோ வரும். அத மட்டும் பாத்துச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். நேரம் ஆவுமா? ஆவட்டும். நான் இங்கயே உக்காந்துக்கறன். வெச்சிட்டுப் போயிட்டு அப்புறமா வாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, இத வுட்டுட்டு நான் நவுர மாட்டன். சாயங்காலம் ஊட்டு ஓனரு பையன் நவீன்குமாரு நேரா இங்க வரன்னிருக்கான், டிஸ்க்க வாங்கிக்கறதுக்கு. அதுக்குள்ள எனக்குத் தெரியணும்.

என்து இல்லண்ணா, ஓனரு ஊட்டு கம்ப்யூட்டர் டிஸ்க்கு. நாராயணப்பன்னு, முன்னாடி பெரிய ஊடு அவுருது, பின்னாடி லைனா சின்னச் சின்ன ஊடு கட்டி எங்கள மாதிரி ஆளுங்களுக்கு வாடகைக்கு வுட்டிருக்காரு. நான் ஆனந்தராஜி. சொந்த ஊரு நாட்றாம்பாளையம் பக்கம். இங்க சிப்காட்ல ஒரு கம்பெனில பிரேக் பார்ட்ஸ் செக் பண்ற வேல. காண்ட்ராக்டுதான். பர்மனென்டு பண்றன் பண்றன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க, நானும் தலயாட்டிக்கிட்டே இருக்கறன்.

எப்படி ஏறுச்சுன்னுதான கேக்கறீங்க. சொல்றன். நீங்க அத மாட்டி ஓட வுடுங்க.

பெங்களூருல ஒரு இன்டர்வியூ போனங்கண்ணா. சர்வர் பாத்துக்கற வேல. கோர்ஸெல்லாம் முடிச்சு சர்ட்டிபிகேட்டு வெச்சிருந்தன். அந்தாளு சர்ட்டிபிகேட்ட திருப்பிக்கூடப் பாக்கல. நீ சொந்தமா எந்த சர்வர ஓட்டியிருக்கன்னு கேட்டான். ஓட்டலன்னேன். ஓட்டிட்டு வான்னான். அவ்ளோதான் இன்டர்வியூ. அத்திபள்ளி வரைக்கும் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தன், அவ்ளோ எரிச்சலு. சர்வரு என்ன பசுமாடா, சந்தைல புடிச்சுட்டு வந்து கட்டறதுக்கு.

சரி, ஊட்லயே ஓட்டிப் பாத்துருவம்னு எறங்குனன். எங்க கம்பெனில பழைய கம்ப்யூட்டர ஏலம் வுட்டாங்க. மொத்தமா ஒரு லாட்டு எடுத்தன். எடுத்துக்கிட்டு வந்து பாத்தா, எல்லாத்துலயும் கம்பெனிக்காரன் பூட்டுப் போட்டு வெச்சிருக்கான். பென்டிரைவ் சொருகுனா எடுக்காது, சிடி கெடயாது, உள்ள போயி மாத்தலாம்னா பாஸ்வேர்டு கேக்குது. பாஸ்வேர்டு வெச்ச ஆளு வேலய வுட்டே போயிட்டான். பேட்டரி கழட்டுனா போவும்ங்கறீங்களா? நீங்க சொல்ற எல்லாம் பண்ணியாச்சுண்ணா. இந்த மாடலுக்கு அது ஆவாது.

ஒரே ஒரு வழிதான் தொறந்திருந்துச்சு. கம்பெனில ஒவ்வொரு மெஷினா ஏறி எறங்க முடியாதுன்னு, ஆன் ஆனதும் மொதல்ல நெட்வொர்க்கப் பாருன்னு வெச்சிருந்தாங்க. பட்டன அமுக்குன ஒடனே அது ஒயரு வழியா கேக்கும், யாராச்சும் எனக்கு சிஸ்டம் தருவீங்களான்னு. யாரும் தரலன்னாதான் சொந்த டிஸ்க்குக்குப் போவும். தரதுக்கு ஒரு ஆளு இருந்தா எடுத்துக்கும். அந்த ஆளா நம்ம இருப்பம்னு என் பழைய லேப்டாப்ப சர்வரா மாத்துனன்.

உங்களுக்குத் தெரியாததா, சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கும். பண்ணிப் பாத்தாதான் உசுரு போவும். மொதல்ல மெஷினுங்க என் சர்வர்கிட்ட கேக்காம ஓனரு ஊட்டு இன்டர்நெட் பொட்டிகிட்ட போயி கேட்டுச்சு. அந்தப் பொட்டி நம்பரு குடுக்கும், சிஸ்டம் குடுக்காது. மெஷினு பேந்தப் பேந்த முழிச்சிட்டு நிக்கும். அதுக்கு ஒரு வழி பண்ணா, பைலு பாதி வந்து நின்னுடும். அதையும் சரி பண்ணி, எல்லாம் ஏறி முடியற நேரத்துல கரண்டு போயிடும். நம்ம ஏரியா கரண்டப் பத்தி உங்களுக்குச் சொல்லணுமா. தொண்ணூறு பர்சன்ட்ல கரண்டு போனா ஒரு மனுசனுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. செவுத்துல முட்டிக்கலாம் போல இருக்கும். ஒருநாள் கீபோர்டத் தூக்கி அடிச்சுட்டன். எங்கூட்டுக்காரி கீழ வுழுந்த எழுத்தெல்லாம் பொறுக்கி ஒரு டப்பால போட்டு வெச்சா.

மாதேஸ்வரின்னு பேரு. கார்மென்ட்ஸ்ல இருக்கா. நான் திட்டறதெல்லாம் அவகிட்டதான். அவளத் திட்டறது இல்லண்ணா, மெஷினத் திட்டறது, அவளப் பாத்துத் திட்டறது. இது ஏன் ஏறல, அது ஏன் நின்னுச்சு, எந்த ஒயரு எங்க போவுது, எல்லாத்தையும் அவகிட்டதான் பொலம்புவன். உம் கொட்டிக்கிட்டே அவ வேலயப் பாப்பா. புரியுதோ புரியலையோ, எனக்கு யாருகிட்டயாவது சொல்லணும் இல்ல.

கடசில ஏறுச்சு. ஏறுச்சுன்னா ஜம்முனு. ஆனா அது இருக்கே, நூறு கேள்வி கேக்கும். எந்த மொழி, எந்த டிஸ்க்கு, இருக்கறத அழிக்கட்டுமா. நான் ஷிப்டுக்குப் போவனா, பக்கத்துல குந்திக்கிட்டு ஆமா ஆமான்னு அமுக்கிட்டு இருப்பனா? எல்லாத்துக்கும் முன்னாடியே ஆமான்னு எழுதி வெச்சுட்டன். பட்டன அமுக்குனாப் போதும். வேலைக்குப் போயிட்டு வந்தா லினக்ஸ் ரெடியா நிக்கும். பைல் சர்வரு ஒண்ணு, மெயில் சர்வரு ஒண்ணு, வெப்சைட்டுக்கு ஒண்ணு. ஊட்ல கட்டல் போட எடம் இல்ல. ஆனா பெங்களூருக்காரன் கேட்டா காட்டலாம்.

இப்ப விஷயத்துக்கு வரன். அந்த ஏலத்துல எடுத்ததுல ஒரு மெஷினு ஓனருக்குக் குடுத்தன். அவருதான் கேட்டாரு. அதுல விண்டோஸ் நல்லாவே இருந்துச்சு, பையன் பெரிய டிஸ்க்கு வேணும்னான், விண்டோஸ அதுக்கு மாத்தி அப்படியே குடுத்துட்டன். ஆனா அதுவும் அதே ரகம்தான. ஆன் ஆனதும் மொதல்ல நெட்வொர்க்கப் பாக்கும். இன்டர்நெட்டும் எனக்கு அவரு ஊட்லருந்துதான் வருது. ஒரு நீல ஒயரு, அவரு ஊட்டு ஜன்னல்லருந்து என் ஊட்டு ஸ்விட்ச்சுக்கு, என் மெஷினு ஒயரெல்லாம் வந்து சேர்ற பொட்டிக்கு.

கரெக்டு. புடிச்சுட்டீங்க. அந்த நீல ஒயரு சொருகியிருக்கற நேரத்துல என் சர்வரு சிஸ்டம் குடுத்துக்கிட்டு இருந்து, அதே நேரத்துல அவரு மெஷினு ஆஃப் ஆயி ஆன் ஆனா, கத முடிஞ்சுச்சு. இது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறீங்களா? நல்லாத் தெரியும். அதுக்கோசரம்தான் வேலைக்குப் போறப்ப அந்த ஒயரக் கழட்டிடுவன். ஏத்தறதுக்கு இன்டர்நெட்டே வேணாம், எல்லாத்தையும் இறக்கி என் சர்வர்லயே வெச்சிருக்கன். செருப்புப் போடறதுக்கு முன்னாடி ஒயரக் கழட்டறது, அதான் பழக்கம்.

அன்னிக்கு ஒயரு சொருகியிருந்துச்சு. கரண்டு போச்சு, வந்துச்சு. அவரு ஊட்டு மெஷினு தானா ஆன் ஆச்சு, கரண்டு வந்தா ஆன் ஆவணும்னு அதுவும் கம்பெனிக்காரன் வெச்சதுதான். கேட்டுச்சு, கெடச்சுச்சு, ஏத்திக்கிச்சு.

நான் ஷிப்டு முடிச்சு வரன், ஊட்டு முன்னாடி கும்பலு. நாராயணப்பன் என்னப் பாத்ததும் தெலுங்குல ஆரம்பிச்சுட்டாரு. கோவம் வந்தா அவருக்குத் தமிழ் வராது. ஏம் சேசினாவ்ரா, ஏம் சேசினாவ்ரான்னு, என்னடா பண்ணி வெச்சன்னு, கைய ஆட்டிக்கிட்டு வராரு. உள்ள போயிப் பாக்கறன், கறுப்பு ஸ்க்ரீன்ல வெள்ள எழுத்து, ஜவளகிரி லாகின்னு. நான் ஏத்தற மெஷினுக்கெல்லாம் ஊரு பேரு வெப்பங்கண்ணா, அது ஒரு ஆச. எம்மாஞ்சுலபமா மாட்டிக்கிட்டன் பாருங்க. எங்கூட்டு கம்ப்யூட்டர்ல ஜவளகிரிக்கு என்னடா வேலைன்னு கேக்கறாரு மனுசன்.

ஒயரக் கழட்ட மறந்துட்டன், என் தப்புன்னு சொன்னன். எல்லாரும் பாக்கச் சொன்னன். அப்புறமும் திட்டனாரு, கேட்டுக்கிட்டன். அவரையும் குத்தம் சொல்ல முடியாது. பெரிய பொண்ணு பிரவீனா கல்யாண போட்டோ பூரா அதுலதான். வேப்பனப்பள்ளி பக்கம் மாந்தோப்பு இருக்குது, அதோட பத்திரத்த ஸ்கேன் பண்ணி அதுல வெச்சிருந்தாரு. போட்டோ போச்சுன்னு சொல்றப்ப மனுசன் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நானே எடுத்துக்கிட்டுப் போயி காட்டறன், வேற யாரும் தொடாதீங்க, இன்னும் கெட்டுரும்னு சொல்லி, டிஸ்க்க அங்கயே கழட்டி மடில கட்டிக்கிட்டன்.

பையனா? அதான் வேடிக்க. அவன் வாயே தொறக்கல. அப்பன் அந்தக் கத்து கத்தறான், புள்ள செவுத்துல சாஞ்சுக்கிட்டு கம்முனு நிக்கறான். இன்னிக்கு இங்க வரதுக்கு நான் வண்டிய எடுக்கறப்ப பின்னாடியே வந்தான். போட்டோ வந்தா வருது, வராட்டிப் போவுது, கேமரா வீடியோ இருக்கற ஃபோல்டரு மட்டும் எப்படியாச்சும் வாங்கிக் குடுத்துருன்னான். யாரும் தொறந்து பாக்கத் தேவயில்ல, கடக்காரன்கிட்டயும் சொல்லிடுன்னான். அதான் சாயங்காலம் அவனே வரான்.

என்னண்ணா, நின்னுடுச்சா? ஓடுதா. ஏதோ வருது போல இருக்கே.

அது கல்யாண போட்டோதான். ஆமா, அது பிரவீனாதான். நல்லதுண்ணா, பெரியவரு சந்தோசப்படுவாரு. பத்திரம்? அதுவும் வருதா.

வீடியோ.

எல்லாமேவா.

இல்லண்ணா, தண்ணி வேணாம். நல்லாத்தான் இருக்கறன். எனக்கு இது நேத்தே தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் வராதுன்னு நீங்க சொல்லிட மாட்டீங்களான்னு குந்திக்கிட்டு இருந்தன். லினக்ஸ் ஏறுனா டிஸ்க்குல முன்னாடி கொஞ்சத்தத்தான் அழிக்கும். பின்னாடி கெடக்கறது கெடந்த எடத்துலயே கெடக்கும். படிச்சது ஞாபகம் வந்துச்சு. ஆனா அவகிட்ட அப்படிச் சொல்லல நானு. ஒருநாள் கடுப்புல இருக்கறப்ப, இது ஏறிட்டா பழசு என்ன ஆவும்னு கேட்டா. எரிச்சல்ல சொன்னன், துளி மிஞ்சாது, அழிஞ்சது அழிஞ்சதுதான், எவன் வந்தாலும் எடுக்க முடியாதுன்னு. ஏதோ பேச்சுக்குக் கேக்கறான்னு நெனச்சன்.

மாதேஸ்வரிதாண்ணா. வேற யாரு.

நான் அன்னிக்கு ஒயரக் கழட்டிட்டுத்தான் போனன். கழட்டி ஜன்னல் கம்பில சுத்தி வெச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. கும்பலெல்லாம் போனதுக்கப்புறம் ஊட்டுக்குள்ள போறன், ஒயரு ஸ்விட்ச்சுல சொருகி நிக்குது. பாத்துட்டு அவளப் பாத்தன். அவ அவரக்கா உரிச்சுக்கிட்டு இருந்தா. நான்தான் சொருகுனன்னா. கரண்டு எப்படியும் போவும், போயி வந்தா அதுவா ஏறிக்கும், நீதான சொன்னன்னா.

எங்களுக்கு எல்லாம் பொதுவுல ஒரு பாத்ரூம்ணா, பின்னாடி. மழைல மேல இருந்த கூர சீட்டு பிச்சுக்கிட்டுப் போச்சு. போட்டுத் தரன் போட்டுத் தரன்னு ஓனரு நாள ஓட்டிட்டாரு. வண்டி திருட்டுப் போவுதுன்னு தண்ணித் தொட்டிகிட்ட கம்பம் நட்டு கேமரா வெச்சான் நவீன்குமாரு. அது எடுக்கறதெல்லாம் ஓனரு ஊட்டு கம்ப்யூட்டர்லதான் வந்து வுழும், இந்த டிஸ்க்கு இல்லாம இப்ப ஓடாது. மொதல்ல வாசக் கேட்டப் பாத்துத்தான் இருந்துச்சு. அப்புறம் எப்பப் பாத்ரூம் பக்கம் திரும்புச்சோ. நான்தான் பெரிய சர்வர்காரன், நெட்வொர்க்குல எந்த மெஷினு என்ன பண்ணுதுன்னு பாக்கத் தெரிஞ்சவன். தலைக்கு மேல இருந்தத நான் அண்ணாந்து பாக்கல.

பக்கத்து ஊட்ல செல்லி அக்கான்னு ஒருத்தங்க. அவுங்க பொண்ணு அனுப்ரியா செல்போன் கம்பெனில வேல பாக்குது. ஒருநாள் அது வேலைக்குப் போறப்ப நவீன்குமாரு கேட்டானாம், முதுகுல இருக்கற மச்சம் பொறந்ததுலருந்தே இருக்குதான்னு. அந்தப் பொண்ணு வந்து மாதேஸ்வரிகிட்டதான் சொல்லி அழுதிருக்குது. அதுலருந்து இவ நைட்டியோட தண்ணி ஊத்திக்கிட்டு ஓடியாந்துருவாளாம். சீக்காயி கூடப் போடறது இல்ல.

ஏண்டி எங்கிட்ட சொல்லலன்னேன். சொன்னா நீ போயி அவன் சட்டயப் புடிப்ப, அவன் உசாராயி எல்லாத்தையும் போனுல ஏத்தி வெச்சுக்குவான், அப்புறம் சாவற வரைக்கும் நம்ம பயந்துக்கிட்டே இருக்கணும், அவனுக்கே தெரியாம போனாதான் போவும்னா. போனுல ஏத்தி வெச்சிருக்கானோன்னு எனக்கும் பயம்தான். ஆனா இந்த டிஸ்க்குக்கு இப்படி அலையறான் பாருங்க, அத வெச்சு இல்லன்னு நெனச்சுக்கறன்.

ஸ்டேசனுக்குக் குடுக்கலாம்ல, இதான சாட்சின்னு கேக்கறீங்க. நானும் அதயேதான் கேட்டன். அனுப்ரியா தலயாட்டுச்சு, வேணாம்னுட்டு. அங்க கொண்டு போனா ஒவ்வொருத்தரும் ஓட வுட்டுப் பாப்பாங்க, அவன் ஒருத்தன் பாத்தது பத்தாதான்னு கேட்டுச்சு. அது நியாயமா இல்லையான்னு எனக்குத் தெரியாதுண்ணா. அவுங்க ஒடம்பு, அவுங்கதான் சொல்லணும். சீட்டு போடாம இனிமே அந்த ஊட்ல இருக்கப் போறதும் இல்ல, வேற ஊடு பாத்துக்கிட்டுதான் இருக்கறம். லைன்ல இருக்கற எல்லா ஊட்டுக்காரங்களும்.

தொறக்காதீங்கண்ணா. வேணாம். சரியா வந்திருக்கான்னு பாக்கறதுக்குக் கூட வேணாம். அந்த மவுச எங்கிட்ட குடுங்க.

கல்யாண போட்டோவையும் தோப்புப் பத்திரத்தையும் மட்டும் இந்தப் பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க, பெரியவரு பாவம், அவருக்கு இது தெரியாது. போட்டாச்சா. இப்ப கொஞ்சம் தள்ளிக்குங்க. ஒரு வரிதான், நானே அடிக்கறன், உங்க கை இதுல பட வேணாம். டிஸ்க்கு இந்த ஓரத்துலருந்து அந்த ஓரம் வரைக்கும் சைபரா எழுதி, இருக்கறத அழிச்சுக்கிட்டே போவும். அவன் வரதுக்குள்ள முடிஞ்சுரும். நீங்க பொய் சொல்லத் தேவயில்லண்ணா. அவன் வந்து கேட்டா டிஸ்க்குல ஒண்ணுமே இல்லன்னு சொல்லுங்க, அப்ப அது நெசமாத்தான் இருக்கும்.

இருக்கட்டும், லீவு சொல்லிட்டுத்தான் வந்தன், முடியற வரைக்கும் பக்கத்துலயே இருக்கறன். அழிஞ்சதெல்லாம் இங்க திரும்பி வந்துச்சுன்னு அவளுக்கு மட்டும் எப்பவும் தெரிய வேணாம். நேத்து மாதேஸ்வரி தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டாண்ணா, சீக்காயி போட்டு, நிதானமா.